வயது வந்தோருக்கு மட்டுமான அம்மா

நான் சாதாரணமானவள் என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அதையே முத்திரை போட்டு, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினால் யாருக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

தபாலில் இருந்தது இவ்வளவுதான். திரைக்காட்சித் தீங்கு தடுப்பு வாரியம், வாக்காளர் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்ததில், என்னைச் 'சாதாரண நபர்' என்று தேர்ந்தெடுத்திருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வாரியத்தின் அரங்கில் ஒரு படம் பார்க்க வர வேண்டும். வரத் தவறினால் நான் சாதாரண நபர் அல்ல என்று கருதப்பட்டு உரிய விசாரணை தொடங்கும். அந்தக் கடைசி வரியை நான்கு முறை படித்தேன். என்ன விசாரணை என்று போட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். கடிதத்தைப் படித்துவிட்டு, இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரியமா, என்னைக் கேட்டிருந்தால் கல்யாணமான மறுநாளே சொல்லியிருப்பேனே என்று சிரித்தார். எங்கள் மகளுக்குப் பதினோரு வயது. அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் புழங்குகிறது. வீட்டில் வாயாடிதான். என்ன படம், சண்டை இருக்குமா, எனக்கும் கதை சொல்லுவியா என்று செவ்வாய்க்கிழமை வரைக்கும் என்னைத் துளைத்து எடுத்துவிட்டாள்.

நான் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. எலும்பு முறிவு, ஆண்கள் பிரிவு, பத்தொன்பது வருடம். அசையக் கூடாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைப்பது என் வேலை. புரட்டாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். எண்பது கிலோ, தொண்ணூறு கிலோ ஆளையெல்லாம் ஒருத்தியாகப் புரட்டுவேன். பலத்தால் இல்லை. இடது கை கழுத்தடியில், வலது கை இடுப்படியில், முழங்கால் கட்டில் ஓரத்தில். நோயாளியிடம் கையை மார்பில் கட்டச் சொல்லி, மூச்சை வெளியே விடச் சொல்லி, அவர் விடுகிற அந்த நொடியில் சாய்க்க வேண்டும். பாதி வேலையை அவருடைய எடையே செய்துவிடும். வாயாடி கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து அவளையும் அப்படித்தான் தூக்கிப் போடுகிறேன். எனக்கு வேறு மாதிரி தூக்கத் தெரியாது.

வாரியத்தின் செயலாளர் ஒல்லியான மனிதர். கோப்பைத் திறக்காமல் காலை வணக்கம்கூடச் சொல்ல மாட்டார் போலிருந்தது. விதி பதினான்கை அவர்தான் எனக்கு விளக்கினார். படத்தில் வருகிற கொலை எதையாவது ஒரு சாதாரண நபர் பார்த்த மாத்திரத்தில் செய்துகாட்டிவிட்டால், அது கற்கத்தக்க வன்முறை, வெட்ட வேண்டும். செய்துகாட்ட முடியாவிட்டால் அது கலை, விட்டுவிட வேண்டும். எனக்கு முன்பு பதினோரு வருடமாகச் சாதாரண நபராக இருந்தவர் ஒரு ரிட்டயர்டு குமாஸ்தா. இரண்டு முழங்காலும் வீங்கினவர், கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாதவர். படம் ஆரம்பித்ததும் தூங்கி, முடிந்ததும் எழுந்து, என்னால முடியாதுங்க என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவாராம். அந்தப் பதினோரு வருடமும் வந்த படமெல்லாம் கலையாகவே இருந்திருக்கின்றன. போன மாதம் அவர் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை.

வாரியத் தலைவர் பெரிய உடம்புக்காரர். என்னைப் பார்த்ததும் நான் பயந்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டு, தைரியம் சொல்ல ஆரம்பித்தார்.

"கொலையைப் பத்தி வாரியத்துக்கு ஒரு ஆட்சேபனையும் கிடையாதும்மா. ஜனங்க அதை ரசிக்கலாம், கைதட்டலாம், விசிலடிக்கலாம். கத்துக்கத்தான் கூடாது. நான் பதவிக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு அடி படம் வெட்டினதில்லை. நம்ம ஜனங்களுக்கு எதையும் கத்துக்கிற புத்தி கிடையாதுன்னு எனக்கு அவ்வளவு நம்பிக்கை."

அவருக்குப் பக்கத்தில் பண்பாட்டு உறுப்பினர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு குறிப்பு நோட்டு, அதன்மேல் பிஸ்கட் தட்டு. விளக்கு அணைந்தது.

படம் ஒரு பெண்ணைப் பற்றியது. ஆறு வயதில் ரயில் நிலையத்தில் தனியாக நின்றவளைத் தூக்கிக்கொண்டு போய் மலை உச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள். பெண்களைக் கொலைகாரிகளாகப் பழக்குகிற பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியைக்கு ஒரு கண்தான். பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க வேண்டும். பனியில் நின்றுகொண்டு முட்டையை உடையாமல் வைத்திருக்க வேண்டும். அழுதால் சோறு கிடையாது. இருபது வயதில் அவள் சிவப்புச் செருப்பு போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கி, நூற்று நாற்பத்தொரு பேரை அடித்துக் கொல்கிறாள். கடைசி ஆள் விழுகிற வரைக்கும் அவள் பின்னலில் ஒரு முடி கலையவில்லை.

நான் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். திறந்திருந்த நேரத்தில் எனக்கு வேறு விதமான கஷ்டம். மாடியிலிருந்து விழுந்தவனுக்குத் தொடையெலும்பு இரண்டும் போயிருக்கும், மூன்று மாதம் காலில் எடை கட்டிப் படுக்க வேண்டும். படிக்கட்டில் உருண்டவனுக்கு முதுகுத்தண்டு. சுவரில் மோதினவனுக்குத் தோள்பட்டை. செத்துவிட்டார்கள் என்று சினிமாக்காரர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் அவ்வளவு சுலபமாக யாரும் சாவதில்லை, படுத்துக்கொண்டு தண்ணீர் கேட்பார்கள். எங்கள் வார்டில் முப்பது கட்டில்தான். நூற்று நாற்பத்தொரு பேரை யார் புரட்டுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் அவர்களைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

பண்பாட்டு உறுப்பினர் ஒரே ஒரு தடவைதான் பிஸ்கட்டை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். கடைசியில் அந்தப் பெண் தன்னை வளர்த்த ஒற்றைக்கண் ஆசிரியையையே கொல்கிறாள். அப்படிக் கொல்வதற்கு முன்பு ஒரு வணக்கம் சொல்லவில்லை, வளரும் பிள்ளைகள் பார்த்துக் கெட்டுப்போவார்கள் என்றார். பின்னணிக் குரலில் ஒரு வணக்கம் சேர்த்துவிடும்படி தயாரிப்பாளருக்கு எழுதலாம் என்று முடிவாகியது.

விளக்கு போட்டதும் எனக்குப் பரீட்சை. மூலையிலிருந்து ரப்பர் விரிப்பு ஒன்றை இழுத்து உதறினார்கள். பதினோரு வருடத் தூசி கிளம்பியது. விரிப்புக்குள்ளிருந்து முந்தைய சாதாரண நபரின் தலையணையும் விழுந்தது. படத்தில் பன்னிரண்டு கொலை முறைகள் இருப்பதாகச் செயலாளர் பட்டியல் வைத்திருந்தார். முதல் பதினொன்றில் நான் மனசார முயன்றேன், முயலாவிட்டால் விசாரணை வருமோ என்று பயம். உதைக்கச் சொன்னார்கள், முழங்கால் சொடக்குப் போட்டது. வாளுக்குப் பதில் அடி ஸ்கேல் கொடுத்தார்கள், அது கையிலிருந்து நழுவிப் பண்பாட்டு உறுப்பினரின் காப்பியில் விழுந்தது. நாற்காலியிலிருந்து குதிக்கச் சொன்னார்கள், ஏறியதும் தலை சுற்றியது. செயலாளர் ஒவ்வொன்றுக்கும் நேராக 'கலை' என்று எழுதிக்கொண்டே வந்தார்.

பன்னிரண்டாவது முறை, தூங்குகிற எதிரியைக் கொல்வது. அந்தப் பெண் சோபாவில் படுத்திருக்கும் ஒரு தடியனைப் புரட்டிப் போட்டுக் கழுத்தில் வேலையை முடிக்கிறாள். எதிரியாகப் படுக்க வேண்டிய பியூன் அன்றைக்கு லீவு. தலைவரே அரங்கில் கிடந்த சோபாவில் ஏறிப் படுத்தார். எனக்குப் பயமாகிவிட்டது. அதைச் செய்ய முடியாது என்பதால் இல்லை, முடியும் என்பதால்.

"ஐயா, வேண்டாங்க. உங்களுக்கு அடிபட்டுடும்," என்றேன்.

"ஒரு சாதாரணப் பொம்பளையால என்னை ஒரு அங்குலம் அசைக்க முடியாது. இதை நான் சொன்னதாவே எழுதிக்கோங்க," என்றார் தலைவர். செயலாளர் எழுதிக்கொண்டார்.

பிறகு நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை செய்வதைச் செய்தேன். பழக்கத்தில், கையைக் கட்டிக்கோங்க, மூச்சை விடுங்க என்று சொல்லக்கூடச் சொன்னேன். அவரும் விட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் கம்பி இருக்கும். சோபாவுக்கு இல்லை என்பது எனக்கு அவர் அந்தப் பக்கம் உருண்டு விழுந்த பிறகுதான் உறைத்தது.

சத்தம் அடங்கியதும் செயலாளர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தார். தலைவர் சோபாவுக்குப் பின்னாலிருந்து முனகினார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் கூட்டத்தை முடித்துவிட வேண்டும் என்று, அவரைக் கிடந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு நடவடிக்கை தொடர்ந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். 

இதைப் படத்திலிருந்து கற்றாயா என்று செயலாளர் கேட்டார். இல்லை, ஆஸ்பத்திரியில், பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன் என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்றார். சொன்னேன். வருடத்துக்கு முன்னூறு வேலைநாள் என்று காகித ஓரத்தில் பெருக்கிப் பார்த்தார்.

"ரெண்டு லட்சத்து இருபத்தெட்டாயிரம்," என்றார். "படத்துலயே நூத்தி நாப்பத்தொண்ணுதான்."

அவர்கள் எல்லாரும் குணமாகி எழுந்து அவரவர் வீட்டுக்கு நடந்து போய்விட்டார்கள் என்று சொன்னேன். சாட்சிகள் கலைந்துவிட்டனர் என்று எழுதிக்கொண்டார்.

அவர் கெட்டவர் இல்லை. என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, என்னை ஓரமாக அழைத்துப் போய் யோசனை சொன்னார். முன்பே தெரியும் என்று சொன்னால் நான் சாதாரண நபர் அல்ல. சாதாரண நபராக நடித்து வாரியத்துக்குள் புகுந்தவள், அதற்கு ஏழு வருடம் சிறை. படத்தைப் பார்த்துக் கற்றேன் என்று சொன்னால் வெறும் சான்றிதழோடு போய்விடும். என்ன சான்றிதழ் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஏழு வருடம் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

பன்னிரண்டாவது முறையை வெட்ட வேண்டுமே என்ற பேச்சு வந்தது. படம் வெள்ளிக்கிழமை வெளியாகிறது, ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. பண்பாட்டு உறுப்பினர் அம்மாள்தான் வழி சொன்னார்.

"படத்தை ஏன் தொடணும்? ஆபத்தை இவ கத்துக்கிட்டா. இப்ப ஆபத்து படத்துல இல்லை, இவகிட்ட இருக்கு. முத்திரையை இவமேல குத்திட்டா படம் சுத்தமாயிடுச்சு."

தலைவர் சோபாவுக்குப் பின்னாலிருந்து வலியில் ஒரு சத்தம் போட்டார். அது ஆமோதிப்பாகப் பதிவாகி, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. படத்துக்கு 'எல்லா வயதினரும் பார்க்கலாம்'. எனக்கு 'வயது வந்தோர் மட்டும்'.

மறுநாள் ஒரு ஆய்வாளர் பசை டப்பாவோடு வந்து சான்றிதழை எங்கள் வாசல் கதவில் ஒட்டினார். பதினெட்டு வயது நிரம்பாத எவரும் என்னைப் பார்க்கக் கூடாது. வயது வந்தவர்கள் பார்க்கலாம். ஆனால் தொடர்ச்சியாக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கூடாது, நடுவில் பத்து நிமிட இடைவேளை விட வேண்டும். வாயாடி அன்றைக்கே, நோட்டுப் புத்தகங்களோடும் இரண்டு செட் துணியோடும், அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். போகும்போது நான் சமையலறைக்குள் நின்று கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருந்தது. எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்டுக்கொண்டே படியிறங்கியது கேட்டது. அவளுக்குப் பதினெட்டு நிரம்ப ஏழு வருடம் இருந்தது. சிறைக்குப் போயிருந்தாலும் அதே ஏழுதான் என்று அப்போதுதான் கணக்குப் போட்டேன்.

நான் பேசலாமா, குரல் மட்டும் கேட்கலாமா என்று ஆய்வாளரிடம் கேட்டேன். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, ஒலிக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும், விண்ணப்பித்தால் எட்டு மாதம் ஆகும் என்றார். அதுவரை அவள் பேசலாம், நான் பதில் பேசக் கூடாது.

வேலைக்கு மட்டும் தடையில்லை. ஆண்கள் வார்டில் எல்லாரும் வயது வந்தவர்கள் என்பதால் வாரியத்துக்கு ஆட்சேபனை இல்லை என்று கடிதமே வந்தது.

என் வீட்டுக்காரர் முதல் இரண்டு நாள் இடைவேளை விஷயத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மூன்றாம் நாள் உண்மையாகவே சாப்பாட்டு நடுவில் எழுந்து வாசலில் போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தார். யாராவது பார்த்து எழுதிப் போட்டால் வம்பு என்றார். அப்புறம் ஒரு நாள் தண்ணீர் டம்ளரை என் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்துவிட்டு ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார். நகர்ந்தது அவருக்கே தெரியவில்லை.  பதின்மூன்று வருடம் என்னோடு ஒரே பாயில் படுத்தவர். நான் நிஜமாகவே ஆபத்தானவள்தானோ, எல்லாருக்கும் தெரிந்தது எனக்குத்தான் தெரியவில்லையோ என்று அன்றைக்குத் தோன்றியது. அதற்கப்புறம் காய் நறுக்கும்போதுகூட என் கையை நானே கவனிக்க ஆரம்பித்தேன்.

வாயாடி தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு, மூடிய கதவைப் பார்த்துப் பேசுவாள். நான் உள்பக்கம் கதவில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அத்தை வீட்டுக் குழம்பில் உப்பு இல்லை, கணக்கு டீச்சருக்கு இருமல், பக்கத்து பெஞ்சுக்காரி அவளோடு பேசுவதில்லை. நான் பதில் சொல்லாவிட்டாலும் அவள் பாட்டுக்குப் பேசுவாள். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் மற்ற இருபத்து மூன்றரை மணி நேரத்தையும் ஓட்டினேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் ஓடி வந்து, மூச்சு வாங்க, படம் பார்த்தோம் என்றாள். எல்லா வயதினரும் பார்க்கத்தக்க படம் என்பதால் பள்ளிக்கூடத்திலிருந்தே மொத்தமாகக் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஆசிரியையைக் கொல்லும்போது படத்தில் அந்த அக்கா வணக்கம் சொன்னதை எல்லாரும் கவனிக்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் பேசினாராம். வாயாடி ஆரம்பத்திலிருந்து கதை சொன்னாள். மலை, ஊசி, முட்டை, சிவப்புச் செருப்பு. செத்தவர்களை எண்ணிக்கூட வைத்திருந்தாள். ஒவ்வொரு சண்டையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், ஒரு இடத்தில், அப்புறம் ஒருத்தன் தூங்கிட்டிருப்பான்மா என்று ஆரம்பித்தாள்.

அதோடு நிறுத்திவிட்டாள். நான் காதை இன்னும் அழுத்திக் கதவில் வைத்தேன். ஏதாவது சொல் என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் பையை எடுத்து மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

இனி எட்டு மாதமெல்லாம் காத்திருக்க முடியாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சான்றிதழை ரத்து செய்யும் அதிகாரம் தலைவர் ஒருவருக்குத்தான். அவரைத் தேடி நான் எங்கும் போக வேண்டியதில்லை. இடுப்பெலும்பில் விரிசல், ஆறு வாரம் அசையாமல் படுக்க வேண்டும் என்று, எங்கள் வார்டிலேயே பதினோராம் நம்பர் கட்டிலில்தான் கிடந்தார்.

என்னைப் பார்த்த முதல் நாளே அவர் மணியை அடித்து வார்டையே கூட்டிவிட்டார். நான் அவர் கட்டிலுக்குப் பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். என்னைத் தவிர இன்னொரு ஆயா உண்டு, அவள் அவரைத் தனியாகப் புரட்ட முயன்று முதுகைப் பிடித்துக்கொண்டு லீவில் போய்விட்டாள். அவள் போன ஒரு வாரத்தில் அவர் முதுகு சிவந்தது. இன்னும் இரண்டு நாளில் தோல் பிய்ந்து படுக்கைப் புண் ஆகிவிடும், அப்புறம் உங்கள் இஷ்டம் என்று வார்டு சிஸ்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பார்வையாளர் நேரம் முடிந்து வார்டு அமைதியான ஒரு மத்தியானம், அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, வாம்மா என்றார்.

திரையை இழுத்துவிட்டுப் பக்கத்தில் போனேன். அவருக்கு நெற்றி வியர்த்திருந்தது. எனக்கும்தான். புரட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும் என்று, நான் படத்திலிருந்து ஒன்றும் கற்கவில்லை, இது என் வேலை, இதோ இந்த வார்டிலேயே பார்க்கிறீர்களே, சான்றிதழை எடுத்துவிடுங்கள், என் பெண்ணைப் பார்த்து மூன்று வாரமாகிறது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றார். "இங்க படுத்துக்கிட்டு நாள் பூரா அதைத்தானே பாக்கறேன். ஆனா நீ படத்துல கத்துக்கிட்டேன்னா என்னைத் தள்ளினது அந்தக் கொலைகாரி. கத்துக்கலைன்னு எழுதினா என்னைத் தள்ளினது ஒரு ஆயா. வாரியத் தலைவரை ஒரு ஆயா தள்ளிவிட்டான்னு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது?"

  கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கினேன். இடது கை கழுத்தடியில், வலது கை இடுப்படியில், முழங்கால் கட்டில் ஓரத்தில். கையைக் கட்டிக்கோங்க, மூச்சை விடுங்க என்றேன். சாய்த்தேன்.

பாதியில் நின்றுவிட்டேன்.

ஏன் நின்றேன் என்று இன்று வரைக்கும் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. அவருடைய கழுத்து என் உள்ளங்கையில் இருந்தது. பத்தொன்பது வருடமாகக் கழுத்து என்றால் எனக்குத் தொங்கவிடக் கூடாத ஒன்று, அவ்வளவுதான். அன்றைக்கு முதல் தடவையாக, சிவப்புச் செருப்புக்காரி அடுத்து என்ன செய்தாள் என்பது ஞாபகம் வந்தது. அவள் கட்டைவிரலை எங்கே வைத்தாளோ, என் கட்டைவிரலும் அங்கேதான் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. என் உடம்பு அசைய மறுத்தது. கையை எடுத்தால் அவர் விழுந்துவிடுவார். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. அவரைவிட நான்தான் அதிகமாகப் பயந்திருந்தேன் என்று சத்தியம் செய்வேன்.

"ஏம்மா நின்னுட்டே?" என்றார் தலைவர், மிகவும் மெதுவாக.

அவர் உடம்பு என் கைக்குள் மெல்ல விறைத்தது. பிறகு அவரே தலையணைக்கடியில் கையை விட்டுப் பேனாவை எடுத்தார். அப்படியே, பாதி சாய்ந்தபடி, என் கையில் தொங்கிக்கொண்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில், மேற்படி நபர் எதையும் கற்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம்தான் என் உடம்பு அசைந்தது. அவரைப் பத்திரமாகப் புரட்டி, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டேன். ஐயா, நான் உங்களைப் பயமுறுத்தலை, நான்தான் பயந்துட்டேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

"வெளியில சொல்லிடாதே. நான் பயந்து கையெழுத்துப் போட்டேன்னு தெரிஞ்சா, ஜனங்களுக்கு வாரியத்து மேல இருக்கற பயம் போயிடும். அது ஒண்ணுதாம்மா எங்ககிட்ட இருக்கு," என்றார்.

நான்கு நாளில் எனக்கும் 'எல்லா வயதினரும் பார்க்கலாம்' கிடைத்துவிட்டது. செயலாளரே கொண்டுவந்து கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார். இனி நான் யாரைத் தூக்கினாலும் புரட்டினாலும், இக்காட்சியில் எவரும் துன்புறுத்தப்படவில்லை என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். எழுத்து இரண்டு அங்குல உயரம் இருக்க வேண்டும். வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு அட்டையையும் கயிற்றையும் வாரியமே கொடுத்தது. ஏழு வருடம் நான்கு வாரத்தில் முடிந்துவிட்டதே, அட்டை மாட்டினால் என்ன குறைந்துபோகிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அன்றைக்குத் தண்ணீர் டம்ளரை என் கையிலேயே கொடுத்தார்.

மறுநாள் நான் வேலை முடிந்து சாயங்காலம் நான்கரைக்கு வந்தபோது வாயாடி எங்கள் மாடிப்படியில் இருந்தாள். நாத்தனார் கொண்டுவந்து விட்டுப் போயிருக்க வேண்டும். சாவி இல்லாமல் காத்திருந்து, பையைக் கட்டிப் பிடித்தபடி, சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். ஒரு மாதத்தில் கொஞ்சம் வளர்ந்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்துகொண்டு தூங்குவது மட்டும் அப்படியே இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியே வாரி எடுத்துக்கொள்ளப் போனவள், அட்டை ஞாபகம் வந்து, கதவைத் திறந்து உள்ளே போய், ஆணியில் தொங்கிய வீட்டு அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

குனிந்து, இடது கையை அவள் கழுத்தடியில் கொடுத்தேன். வலது கையை இடுப்படியில். பதினோரு வருடமாகத் தூக்குகிற மாதிரிதான். நெஞ்சோடு சேர்த்து எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு நடந்தேன். அட்டையின் ஓரம் அவள் கன்னத்தில் இடித்தது. அதில்தான் விழித்திருப்பாள்.

முதலில் அட்டையைப் பார்த்தாள், உதடு அசைந்தது, முழுவதும் படித்தாள். பிறகு தன் கழுத்துக்குக் கீழே என் கை எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தாள். அவள் உடம்பு கைக்குள் மெல்ல விறைப்பது எனக்குத் தெரிந்தது. அந்த விறைப்பு எனக்குத் தெரியும். பதினோராம் நம்பர் கட்டிலில் தொட்டிருக்கிறேன்.

"அம்மா," என்றாள், பேசினால் ஏதாவது ஆகிவிடும் என்கிற மாதிரி மெதுவாக. "அடுத்து என்ன பண்ணுவே?"

கட்டிலில் கிடத்தினேன். தலையணையைச் சரிசெய்தேன். அடுத்துப் போர்வைதான்டி, போர்வையைப் போத்திவிடுவேன் என்று சொன்னேன். சொன்னபடியே போர்வையை எடுத்து உதறிப் போர்த்தினேன். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வை கழுத்து வரைக்கும் வந்து, நான் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொள்கிற வரைக்கும், என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.